லொறியில் மூட்டை ஏற்றும் பொடியனையும் கேளுங்கள்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள எந்தவொரு களஞ்சியத்துக்கோ மொத்த வியாபாரக் கடைக்கோ ஒருமுறை போய்ப் பாருங்கள். முன்பக்கம் காசு லாச்சிக்கு அருகில் அமர்ந்திருக்கும் முதலாளி, "இவனுகள வெச்சு வேல வாங்க ஏலாது" என்று அலுத்துக்கொள்வார். பின்பக்கம் மூட்டை சுமந்து களைத்து வந்து குந்தியிருக்கும் ஊழியரோ, "சொன்னாக் கேக்கிறதுக்கு ஆள் இல்ல காக்கா" என்பார். இருவரும் ஒரே கூரையின் கீழ் நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலங்களைக் கழிப்பவர்கள். ஒருவர் குறையை மற்றவர் கேட்பதில்லை. மூன்றாவது ஆளிடம்தான் இருவரும் சொல்கிறார்கள்.

இருபது வருடங்களுக்கு மேலாகத் துறைமுகப் பகுதியில் போக்குவரத்தும் களஞ்சியமும் சார்ந்த தொழிலில் இருப்பவன் என்ற வகையில் அந்த மூன்றாவது ஆளாக நான் பல தடவைகள் இருந்திருக்கிறேன். இரண்டு பக்கத்துக் கதைகளையும் கேட்டுக் கேட்டு ஒரு விடயம் எனக்குத் தெளிவாகியிருக்கின்றது. நமது தொழிலிடங்களில் தினமும் தலைவலி தருகின்ற பிரச்சினைகளில் பெரும்பகுதி பணமில்லாததாலோ ஆட்கள் சோம்பேறிகளாக இருப்பதாலோ வருவதில்லை. செய்கின்ற வேலையை ஒழுங்கு மாற்றிச் செய்வதால் வருகின்றது. சரியான ஒழுங்கு எதுவென்று தெரிந்தவர் பெரும்பாலும் அந்த வேலையில் கை வைத்திருப்பவர்தான். அவரை யாரும் கேட்பதில்லை.

வேலை ஒழுங்கு அவ்வளவு பெரிய விடயமா என்று சிலர் நினைக்கலாம். அதற்கு நமது துறைமுகத்திலேயே நடந்த ஒரு சம்பவம் இருக்கின்றது.

1944 ஆகஸ்ட் 8

இரண்டாம் உலகப் போரின்போது 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கியது யாவரும் அறிந்ததே. அதன் பின்னர் பிரித்தானியாவின் கிழக்குக் கடற்படை கிழக்காபிரிக்காவுக்குப் பின்வாங்கி, 1944ஆம் ஆண்டில்தான் திருகோணமலைக்குத் திரும்பி வந்தது. இத்தனை போர்க்கப்பல்கள் தங்கி நிற்கும் இடத்தில் அவற்றைத் திருத்துவதற்கு வசதி வேண்டும். அதற்காக ஏறத்தாழ 50,000 தொன் எடையைத் தூக்கக்கூடிய, மிதக்கும் கப்பல் திருத்துமேடை ஒன்று இங்கு நிறுத்தப்பட்டிருந்தது.

இவ்வாறான மேடை வேலை செய்யும் விதம் எளிமையானது. அதன் அடிப்பகுதி முழுவதும் தாங்கிகள். அவற்றில் நீரை நிரப்பினால் மேடை தாழும். தாழ்ந்த மேடைக்கு மேலாகக் கப்பலை உள்ளே கொண்டுவந்து நிறுத்துவார்கள். பின்னர் தாங்கிகளிலுள்ள நீரைப் பம்பிகளால் வெளியேற்ற, மேடை கப்பலையும் சுமந்துகொண்டு மெதுவாக மேலெழும். கப்பலின் அடிப்பாகம் நீருக்கு வெளியே வந்ததும் திருத்த வேலையை ஆரம்பிக்கலாம். எந்தத் தாங்கியை முதலில் இறைப்பது, எதை அடுத்ததாக இறைப்பது என்பதில்தான் முழு வேலையும் தங்கியிருக்கின்றது. கப்பலின் பாரம் எந்த இடத்தில் அதிகமோ அதற்கேற்ப மேடையின் மிதப்பும் அமைய வேண்டும்.

1944 ஆகஸ்ட் 8ஆம் திகதி அந்த மேடையில் ஏற்றப்பட்டது 'வேலியன்ட்' என்னும் போர்க்கப்பல். 30,000 தொன்னுக்கும் அதிகமான எடை கொண்டது. 1916இல் ஜட்லண்ட் கடற்சமரில் கலந்துகொண்டது. 1941 டிசம்பரில் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தில் இத்தாலியச் சுழியோடிகள் வைத்த வெடியிலிருந்தும் தப்பியது. இரண்டு வாரங்களுக்கு முன்னர்தான், ஜூலை 25ஆம் திகதி, சுமாத்திராவுக்கு அப்பாலுள்ள சபாங் மீது குண்டு பொழியும் நடவடிக்கையில் பங்குபற்றியிருந்தது. வெடிபொருட்களை முழுமையாகச் சுமந்த நிலையிலேயே அது மேடையில் ஏற்றப்பட்டது.

தாங்கிகளிலிருந்து நீர் வெளியேற்றப்பட்ட ஒழுங்கு அக்கப்பலின் பாரம் பரவியிருந்த விதத்துக்குப் பொருந்தவில்லை. மேடையின் இரு முனைகளிலும் தாங்க முடியாத அழுத்தம் ஏற்பட்டு, அதன் முதுகெலும்பு முறிந்தது போல மேடை உடைந்து மூழ்கியது. கப்பல் மூழ்காவிட்டாலும் அதன் நான்கு உந்துவிசிறிகளில் உட்புறமுள்ள இரண்டும் ஒரு சுக்கானும் பழுதடைந்தன. அந்தப் போரில் வேலியன்ட் மீண்டும் களம் காணவில்லை. 1948இல் உடைப்பதற்காக விற்கப்பட்டது.

எதிரியின் பீரங்கியும் வெடியும் செய்ய முடியாததை நமது துறைமுகத்தின் அமைதியான நீரில் ஒரு பம்பி ஒழுங்கு செய்துவிட்டது. மேடை சிறியதல்ல. பம்பிகள் இல்லாமலில்லை. ஆட்களும் இருந்தார்கள். பிழைத்தது ஒழுங்கு மாத்திரமே.

ஒரு லொறியின் கதை

போர்க்கப்பலுக்கும் நமது வியாபாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காக, நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கின்றேன். சம்பந்தப்பட்ட கடையின் பெயர் இங்கு தேவையில்லை.

2009 ஒக்டோபர் 20ஆம் திகதி, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் துறையடியில் 'பாதை'க்காகக் காத்து நின்ற நாட்களை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாகனங்கள் வரிசையில் நிற்கும், மழை பெய்யும், லொறியில் மாவும் சீனியும் இருக்கும். திருகோணமலை நகரிலிருந்து கிண்ணியா, மூதூர், தோப்பூர்ப் பக்கம் சாமான் அனுப்புகின்ற மொத்த வியாபாரிகளுக்குப் பாலம் வந்தது பெரிய நிம்மதி.

எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரியும் அவ்வாறுதான் எண்ணியிருந்தார். அவரது சாமான்களைக் கொண்டு செல்வதற்கு எனது லொறியொன்று வாடகைக்கு ஓடியது. பாலம் திறந்த பின்னர் லொறி அஸருக்கு முன் திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் இஷா தொழுகை முடிந்தும் லொறி வராது. சாரதி வழியில் நிறுத்தித் தூங்குகிறார், தேநீர்க் கடையில் கதைத்துக்கொண்டிருக்கிறார் என்றெல்லாம் அவர் சந்தேகப்பட்டார். சாரதிக்கோ தினமும் ஏச்சுக் கேட்டுக் கேட்டு வேலையே வெறுத்துப் போயிருந்தது. அவர் வேலையை விடப்போவதாக என்னிடம் வந்து சொன்னபோதுதான், ஒருநாள் நானும் லொறியில் ஏறிப் போனேன்.

சீனன்குடாவில் முதல் கடை. அந்தக் கடைக்குரியது ஆறு மூட்டைகள். அந்த ஆறையும் எடுப்பதற்காக முப்பது மூட்டைகளை இறக்கி மீண்டும் ஏற்றினார்கள். கிண்ணியாவிலும் அதே கதை. மூதூருக்குப் போய்ச் சேரும்போது இரண்டு பொடியன்களின் தோள்களும் சிவந்திருந்தன. ஓட்டத்துக்குச் செலவானதைவிட இறக்கி ஏற்றுவதற்குச் செலவான நேரமே அதிகம்.

இது ஏன் இப்படி என்று உதவியாளாக வந்த பொடியனைக் கேட்டேன். கிண்ணியாப் பிள்ளை, பத்தொன்பது வயதிருக்கும். அவன் யோசிக்கவேயில்லை. உடனே சொன்னான்: "பில் ஒழுங்குக்குத்தான் ஏத்துறாங்க காக்கா. காலையில முதல்ல யார் போன் பண்ணுறாங்களோ அவங்கட பில்தான் முதல் பில். சீனன்குடாக் கடைக்காரர் விடியவே போன் எடுப்பார். அவர்ட சாமான் அடியில போயிரும்."

அப்படியென்றால் எப்படி ஏற்ற வேண்டும் என்று கேட்டேன். தோப்பூர்ச் சாமான் முதலில், அதற்கு மேல் மூதூர், பிறகு கிண்ணியா, கடைசியாகச் சீனன்குடா. கதவைத் திறந்தவுடன் முதல் கடையின் சாமான் முன்னால் நிற்கும். அவ்வளவுதான். இதை மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லையா என்றதற்கு, "ஒருக்காச் சொன்னன். 'நீ உன்ட வேலையப் பாரு' எண்டார்" என்று சிரித்தான்.

முதலாளியிடம் இதை எடுத்துச் சொன்னபோது கணக்கப்பிள்ளை மறுத்தார். அவரது மறுப்பில் நியாயமும் இருந்தது. பில் ஒழுங்குக்குச் சாமான் ஏறினால்தான் ஒவ்வொரு மூட்டையையும் பில்லுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க முடியும். ஒழுங்கு மாறினால் மூட்டை குறையும், யார் பொறுப்பென்ற தகராறு வரும் என்றார். அதற்கும் வழி சொன்னவன் அதே பொடியன்தான். களஞ்சியத்தின் தரையில் வெண்கட்டியால் நான்கு பெரிய கட்டங்களைக் கீறினான். ஊருக்கொரு கட்டம். வருகின்ற பில் ஒழுங்குக்கே சாமானை எடுத்து அந்தந்தக் கட்டத்தில் வைக்க வேண்டும். கணக்கப்பிள்ளை அங்கேயே சரிபார்த்துக்கொள்வார். பின்னர் கட்டம் கட்டமாக, தூர ஊரிலிருந்து தொடங்கி லொறியில் ஏற்ற வேண்டும்.

செலவு இரண்டு வெண்கட்டி. அந்த வாரத்திலிருந்து லொறி அஸருக்குத் திரும்பியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சந்தோஷம். முதலாளி இந்த முறையைச் சக வியாபாரிகளிடம் பெருமையாகச் சொன்னார். தனது யோசனை என்றே சொன்னார். பொடியனுக்குச் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடவில்லை. நாலு பேர் முன்னிலையில் ஒரு நல்ல வார்த்தையும் கிடைக்கவில்லை. சில மாதங்களில் அவன் கட்டாருக்குப் போய்விட்டான். அதன் பிறகு அந்தக் களஞ்சியத்தில் மாரி காலத்தில் மூட்டைகள் நனைகின்ற பிரச்சினை வந்தபோது, எந்தக் கூரைத் தகட்டால் நீர் இறங்குகின்றதென்று அங்கு வேலை செய்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தும், முதலாளியாகக் கண்டுபிடிக்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நமது இளைஞர்கள் வெளிநாடு போவதற்குச் சம்பளம் முதற்காரணம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இங்கிருந்தால் தமது மூளைக்கு மதிப்பில்லை என்ற எண்ணமும் பலரைத் தள்ளிவிடுகின்றது. அவர்களோடு சேர்ந்து நமது தொழிலைப் பற்றிய அறிவும் விமானம் ஏறிவிடுகின்றது.

கேட்காத தலைவர்

பள்ளிவாசல் விடயமென்றால் மஷூரா, கலியாண விடயமென்றால் மஷூரா என்று கூடிப் பேசாமல் ஓரடி எடுத்து வைக்காதவர்கள் நாம். கடைக்குள் நுழைந்தவுடன் மாத்திரம் அந்தப் பழக்கம் வாசலிலேயே நின்றுவிடுகின்றது. "எனக்குத் தெரியாததா இவனுக்குத் தெரியப்போகுது?" என்ற எண்ணம் வந்துவிடுகின்றது.

அனுபவம் கூடக்கூட இந்த எண்ணமும் கூடும் என்பதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. 1977 மார்ச் 27ஆம் திகதி, கனேரி தீவுகளில் ஒன்றான தெனரீஃப் விமான நிலையத்தில் கடும் பனிமூட்டம். கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 விமானம் புறப்படுவதற்கான அனுமதி கிடைக்காமலேயே ஓடுபாதையில் ஓடத் தொடங்கியது. அதே ஓடுபாதையில் பான் ஆம் நிறுவனத்தின் 747 விமானம் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கே.எல்.எம். விமானத்தின் பொறியியலாளருக்குச் சந்தேகம் எழுந்து, மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். விமானி, விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டார். அவர் அந்நிறுவனத்தின் மிக மூத்த விமானிகளில் ஒருவர். மற்ற விமானிகளுக்குப் பயிற்சி அளிப்பவர். அவரை மீறிப் பேச மற்றவர்கள் துணியவில்லை. சில விநாடிகளில் இரு விமானங்களும் மோதி 583 பேர் உயிரிழந்தனர்.

அதன் பின்னர் விமானிகளுக்கான பயிற்சியிலேயே ஒரு மாற்றம் வந்தது. கீழ்நிலையில் உள்ளவர் சந்தேகத்தைத் தெளிவாகச் சொல்லவும், மேல்நிலையில் உள்ளவர் அதை நின்று கேட்கவும் பழக்குகின்ற பாடம் இன்று உலகெங்கும் விமான ஊழியர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றது. பேசுவதற்கும் கேட்பதற்கும் பயிற்சி வேண்டும் என்பதை அத்துறை பெரும் விலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

கயிறு இழுக்கும் உரிமை

இதே பாடத்தை விபத்துக்குக் காத்திராமல் தொழிலாகவே செய்து காட்டியவர்கள் ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தினர். அதன் மூலவரான சகிச்சி டொயோடா 1924இல் ஒரு தானியங்கித் தறியை உருவாக்கினார். நூல் அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். பழுதான துணி மேலும் மேலும் நெய்யப்படாது. அந்த எண்ணமே பின்னர் கார்த் தொழிற்சாலைக்கும் வந்தது. வேலை செய்யுமிடத்தில் ஒரு கயிறு தொங்கும். பிழையொன்றைக் காணும் எந்த ஊழியரும் அதை இழுக்கலாம். இழுத்தவுடன் விளக்கு எரியும்; குழுத் தலைவர் ஓடி வருவார். குறித்த நேரத்துக்குள் சரிசெய்ய முடியாவிட்டால் முழு உற்பத்தி வரிசையும் நிற்கும். கயிற்றை இழுத்தவருக்கு ஏச்சு இல்லை. 1951 முதல் ஊழியர்களின் யோசனைகளைப் பெறுவதற்கென்றே ஒரு திட்டத்தையும் அந்நிறுவனம் நடத்தி வந்திருக்கின்றது.

நமது கம்பனிகளிலும் யோசனைப் பெட்டிகள் தொங்குகின்றன. ஆனால் நான் பார்த்த பல பெட்டிகளின் பூட்டுக்குச் சாவி எங்கே என்றே யாருக்கும் தெரியாது.

"ஆளுக்காள் கதைத்தால் வேலை நடக்குமா?" என்று சில முதலாளிமார் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒரு கப்பலை மேடையில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது பத்துப் பேர் கட்டளையிட்டால் அதுவும் ஆபத்தே. ஆனால் கேட்பதற்கு ஒரு நேரம், கட்டளையிடுவதற்கு ஒரு நேரம் என்று பிரித்துக்கொள்ளலாம். வேலை தொடங்கு முன் எல்லோரையும் கேளுங்கள். தொடங்கிய பின் ஒருவரின் சொல்லே நடக்கட்டும். பிழையைக் கண்டால் நிறுத்தச் சொல்லும் உரிமை மாத்திரம் கடைசிவரை எல்லோருக்கும் இருக்கட்டும். இதனால் முதலாளியின் மரியாதை குறையாது. முடிவு எப்போதும் அவர் கையில்தான் இருக்கின்றது.

என்ன செய்யலாம்?

ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்கும் பொருந்துகின்ற சிலவற்றை மட்டும் சொல்கின்றேன்.

முதலாவது, "ஏதும் பிரச்சினை இருக்கா?" என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். "நேற்று எந்த இடத்தில் நேரம் வீணாகியது?" என்று கேளுங்கள். கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும்.

இரண்டாவது, மாதம் ஒருமுறையாவது வேலை நடக்கும் இடத்தில் முழு நாளும் இருங்கள். லொறியில் ஏறிப் போங்கள். மேசையிலிருந்து பார்க்கும்போது சோம்பேறித்தனமாகத் தெரிவது அங்கே வேறுவிதமாகத் தெரியலாம்.

மூன்றாவது, வந்த யோசனையைச் சிறிதாகச் செய்து பாருங்கள். ஒரு லொறி, ஒரு வாரம். சரிவராவிட்டால் பழையபடி விட்டுவிடலாம். யோசனை சொன்னவரிடம் நட்டக் கணக்குக் கேட்காதீர்கள்.

நான்காவது, ஏற்க முடியாத யோசனைக்கும் பதில் சொல்லுங்கள். ஏன் முடியாது என்ற காரணத்தைக் கேட்ட ஊழியர் அடுத்த முறை இன்னும் நல்ல யோசனையுடன் வருவார். பதிலே கிடைக்காதவர் அடுத்த முறை வரமாட்டார்.

ஐந்தாவது, யோசனை யாருடையதோ அவர் பெயரைச் சொல்லுங்கள். அதனால் மிச்சமான பணத்தில் ஒரு பங்கையும் கொடுங்கள். அது தருமமல்ல, அவர் உழைத்துத் தேடியது.

ஊழியர்களாக இருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலாளியிடம் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கின்றது. வாடிக்கையாளர் முன்னிலையில் சொல்லாதீர்கள், கோபத்தில் சொல்லாதீர்கள். "எப்ப பாத்தாலும் லேட்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "நேற்று நாலு கடையில் தொண்ணூறு மூட்டை வீணாக இறக்கி ஏற்றினோம்" என்று எண்ணிச் சொல்லுங்கள். வியாபாரிக்கு எண்கள் விளங்கும்.

சீனன்குடாவின் மாவு ஆலையிலிருந்தும் சிமெந்துத் தொழிற்சாலையிலிருந்தும் நமது சிறிய கடைகள் வரை, துறைமுகத்தை நம்பி வாழ்கின்ற குடும்பங்கள் ஏராளம். பாலத்தையும் வீதியையும் அரசாங்கம்தான் போட வேண்டும். அதற்கு நாம் பல வருடங்கள் காத்திருந்தோம். களஞ்சியத் தரையில் நான்கு கட்டம் கீறுவதற்கு யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை.

வருகின்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகக் கடையை அடைப்பதற்கு முன்னர் பத்து நிமிடங்களை ஒதுக்கி, உங்கள் ஊழியர்களிடம் மேற்சொன்ன அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். முதல் வாரம் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். இரண்டாவது வாரம் வயதில் மூத்தவர் ஒருவர் ஏதோ சொல்வார். அதை நீங்கள் செய்து காட்டினால், மூன்றாவது வாரம் லொறியில் மூட்டை ஏற்றும் பொடியனும் வாய் திறப்பான்.